காய்ப்பு ஏறிய மனசு: டேவிட் காகின்ஸ் புத்தகத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

டேவிட் காகின்ஸ் எழுதிய 'கான்ட் ஹர்ட் மீ' 2018 டிசம்பரில் வெளிவந்தது. பெரிய பதிப்பகம் எதன் கையிலும் கொடுக்காமல் அவரே வெளியிட்ட புத்தகம். ஐடி வேலையில் இருப்பவர்கள் இதிலிருந்து தப்ப முடியாது. விடியற்காலை நாலரைக்கு ஓடப் போகிற கோஷ்டி ஒன்று ஒவ்வொரு ஆபீஸிலும் உண்டு. அந்தக் கோஷ்டியின் வேதபுத்தகம் இது. எங்கள் டீமில் மட்டும் மூன்று பேர் எனக்குச் சிபாரிசு செய்திருக்கிறார்கள். சமீபத்தில்தான் முழுசாகப் படித்தேன், பிறகு ஒலிப்புத்தகமாகவும் கேட்டேன்.

இது புத்தக விமர்சனம்தான். ஆனால் புத்தகத்துக்கு வெளியேயும் கொஞ்சம் போக வேண்டியிருக்கிறது. முன்னாள் படைவீரர் ஒருவர் கற்பனைக்கே எட்டாத தூரத்தை ஓடுகிறார், அதை வைத்து சக வீரர்களுக்கு நிதி திரட்டுகிறார், ஓடி ஓடியே தன் மன வேதனையையும் ஜெயிக்கிறார் என்று ஒரு கதை வகை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருக்கிறது. அந்த வகைக்கு இந்தப் புத்தகம் இப்போது மூலப்பிரதி மாதிரி ஆகிவிட்டது. எனக்கு விவகாரம் அந்த வகையோடுதான். காகின்ஸ் என்ற மனிதரோடு இல்லை.

கதைச் சுருக்கம் தெரியாதவர்களுக்காக: 1975-இல் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரில் அப்பா ஒரு ஸ்கேட்டிங் ரிங்க் நடத்தினார். சின்னப் பையன் ராத்திரி முழுக்க அங்கே வேலை செய்ய வேண்டும், மறுநாள் பள்ளிக்கூடத்தில் தூங்கி வழிய வேண்டும். அப்பா பெல்ட்டால் அடிப்பவர். அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இந்தியானா மாநிலத்தில் பிரேசில் என்ற சிற்றூருக்கு ஓடிப்போகிறார். அங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகள் நடுவே விரல்விட்டு எண்ணக்கூடிய கறுப்பினப் பிள்ளைகளில் ஒருவராக வளர்கிறார். பிறகு உடம்பு பெருத்து, பூச்சி மருந்து அடிக்கும் வேலை பார்த்து, மூன்றே மாதத்துக்குள் 100 பவுண்டுக்கு மேல் எடை குறைத்து, அமெரிக்கக் கடற்படையின் சீல் பிரிவில் சேர்கிறார். 'நரக வாரம்' என்று பெயரெடுத்த அந்தப் பயிற்சி வாரத்துக்குள் மூன்று தடவை போனவர். இதெல்லாம் புத்தகத்தின் முதல் பாதி. வேகமாகப் போகும், நன்றாக இருக்கும். குறிப்பாக அந்த ஸ்கேட்டிங் ரிங்க் பகுதி, எந்த நல்ல நாவலிலும் வைக்கத் தகுந்தது.

ஓட்டம் வருவது அதற்குப் பிறகு. 2005 ஜூன் 28, ஆப்கானிஸ்தானின் குனார் மாகாணத்தில் 'ரெட் விங்ஸ்' நடவடிக்கை. மலைமேல் நான்கு பேர் கொண்ட சீல் குழு சிக்கிக்கொள்கிறது. காப்பாற்றப் போன ஹெலிகாப்டரும் சுட்டு வீழ்த்தப்படுகிறது. மொத்தம் 19 பேர் இறந்தார்கள், நால்வரில் ஒருவர் மட்டும் பிழைத்தார். இறந்தவர்களில் காகின்ஸுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் குடும்பங்களுக்குப் பணம் திரட்ட வேண்டும் என்று நினைத்தவர், உலகத்திலேயே கஷ்டமான ஓட்டப் பந்தயம் எது என்று கூகுளில் தேடினாராம். கிடைத்தது பேட்வாட்டர். கலிஃபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே தொடங்கி, விட்னி மலையில் 2,500 மீட்டருக்கு மேல் முடியும் 135 மைல். அதாவது 217 கிலோமீட்டர். நடப்பது ஜூலை மாதத்தில். வெயில் 50 டிகிரி செல்சியஸைத் தொடும்.

அமைப்பாளர் கிறிஸ் காஸ்ட்மன், முதலில் 24 மணி நேரத்துக்குள் 100 மைல் ஓடிக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்கிறார். சில நாள் இடைவெளியில் சான் டியேகோவில் அப்படி ஒரு போட்டி. காகின்ஸ் அப்போது வெயிட் தூக்கி உடம்பை ஏற்றி வைத்திருந்தவர், நீண்ட தூரம் ஓடிப் பழக்கமே இல்லை. ஒரு மைல் வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓடுகிறார். பிஸ்கட்டும் புரோட்டீன் கலக்கிய பானமும்தான் சாப்பாடு. 70 மைலில் நாற்காலியில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. சிறுநீரில் ரத்தம். பாதத்தில் எலும்பு முறிவு. எழுந்து மீதித் தூரத்தையும் முடிக்கிறார், நூறுக்கு மேல் ஒரு மைல் கூடுதலாக. அப்போதைய மனைவி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்ச, இவர் மறுத்து வீட்டுக்குப் போய் அந்த வலியோடு கிடக்கிறார். அந்த வலியை ருசிக்க விரும்பினேன் என்கிற தொனியில் எழுதுகிறார்.

அடுத்த ஆண்டு பேட்வாட்டரில் ஐந்தாவது இடம்.

இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு அசையாமல் இருக்க முடியாது, உண்மை. எழுத்தில் கூட்டிச் சொல்வது கொஞ்சம் இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கும் அந்த நாற்காலிக் காட்சி பிடித்துப்போகும். என் கேள்வி வேறு. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அப்போது தேவைப்பட்டது என்ன? புத்தகம் சொல்லும் பதில்: இன்னும் 30 மைல். நான் படித்தவரை வேறு பதில் ஏதாவது இருக்குமா என்று புத்தகம் யோசிக்கவே இல்லை.

ஒரு விஷயம் கவனித்தீர்களா தெரியவில்லை. படைவீரரின் புத்தகமான இதில் போர் கிட்டத்தட்ட இல்லை. இராக் போனார் என்பது வருகிறது, ஆனால் கடந்து போய்விடுகிறது. பயிற்சி முகாம் இருக்கிறது, பந்தயம் இருக்கிறது, இதய ஆபரேஷன் இருக்கிறது, 17 மணி நேரத்தில் 4,030 புல்-அப் எடுத்த சாதனை இருக்கிறது. போரில் என்ன பார்த்தார், என்ன செய்தார், அது ராத்திரியில் திரும்பி வருகிறதா, ஒன்றுமில்லை. ரகசியப் பணி என்பதால் சொல்ல முடியாமல் இருக்கலாம், அது நியாயம்தான். ஆனால் விளைவு என்ன? புத்தகத்தில் இருக்கும் காயம் முழுக்க அந்த ஸ்கேட்டிங் ரிங்கில் பட்ட காயம். போர் அதிர்ச்சிக்கு மருந்தாக இந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கும் முன்னாள் வீரருக்கு, அவருடைய நோயைப் பற்றி ஒரு பக்கம்கூடக் கிடைக்காது. சிறுவயதில் அடிபட்டவர்களுக்குப் போருக்குப் பின் மன அழுத்த நோய் வரும் ஆபத்து கூடுதல் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். காகின்ஸ் அந்த இரண்டையும் இணைத்து எழுதியிருந்தால் முக்கியமான நூலாகியிருக்கும்.

இனி மையக் கருத்துக்கு வருகிறேன். காகின்ஸ் சொல்லும் உருவகம், மனசுக்குக் காய்ப்பு ஏற்றுவது. கம்பியைப் பிடித்துப் பிடித்துத் தொங்கினால் உள்ளங்கை காய்த்துப் போகிற மாதிரி, கஷ்டத்தில் போட்டுப் போட்டு மனசைக் காய்க்க வைக்க வேண்டும். நல்ல உருவகம். மம்பட்டி பிடித்த கை நமக்கெல்லாம் தெரியும்.

ஆனால் காய்ப்பு என்பது என்ன? உணர்ச்சி குறைந்த தோல். பிடிஎஸ்டி என்ற நோய்க்குறியை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் அதிகாரபூர்வமாகச் சேர்த்தது 1980-இல். அன்றைக்கிருந்து இன்றுவரை அதன் அடையாளங்களில் இரண்டு மாறாமல் வருகின்றன: உணர்வு மரத்துப்போவது, நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது. பிள்ளை பிறந்தால் சந்தோஷம் வராது, நண்பன் செத்தால் அழுகை வராது. மரத்துப்போன ஒருவரிடம் இன்னும் கொஞ்சம் மரத்துப் போ என்று சொல்வது வைத்தியமா?

சிகிச்சை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. எட்னா ஃபோவா உருவாக்கிய தொடர் வெளிப்பாட்டுச் சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒன்றோ இரண்டோ அமர்வு, ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை மணி நேரம், மொத்தம் எட்டிலிருந்து பதினைந்து. நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, அந்த நாள் நடந்ததை இப்போது நடப்பது போலச் சொல்ல வேண்டும். மறுபடியும் சொல்ல வேண்டும். பதிவு செய்து வீட்டுக்குக் கொண்டுபோய்த் தினம் கேட்க வேண்டும். எந்த இடத்தில் குரல் தடுக்குகிறதோ அங்கே நிற்க வேண்டும். இதுவும் கஷ்டம்தான். 217 கிலோமீட்டரோடு ஒப்பிட நான் தயார் இல்லை, ஆனால் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. வித்தியாசம் இதுதான்: இந்தக் கஷ்டம் அந்த நினைவை நோக்கிப் போகிறது. ஓட்டத்தின் கஷ்டம் எந்த நினைவையும் நோக்கிப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. கால் வலி அவ்வளவு சத்தம் போடும்போது மற்றது காதில் விழாது. சிலர் ஓடுவதே அதற்குத்தான்.

உடனே 'அப்போ தெரபி எல்லாருக்கும் சரியாகிடுதா?' என்று யாராவது கேட்பார்கள். இல்லை. 2015-இல் ஜாமா இதழில் வந்த மறுஆய்வு ஒன்று, படைவீரர்களிடையே செய்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. சிகிச்சை எடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நல்ல முன்னேற்றம். அதே சமயம், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு சிகிச்சைக்குப் பிறகும் அந்த நோய்க்குறி நீங்கவில்லை. நான் இன்ஜினியர், உளவியல் படித்தவன் இல்லை. ஆனால் இந்த எண்களைப் பார்த்தால், ஒரு முன்னாள் வீரர் மாத்திரையும் வேண்டாம் கவுன்சிலிங்கும் வேண்டாம் என்று ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புவது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை. உடற்பயிற்சியால் அறிகுறிகள் ஓரளவு குறைகின்றன என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அந்த ஆய்வுகளில் இருப்பது வாரத்தில் சில நாள் வேர்க்க நடப்பது, மெதுவாக ஓடுவது, சைக்கிள் மிதிப்பது. ரத்தம் போகும்வரை ஓடுவதை எந்த ஆய்வாளரும் பரிந்துரைத்ததாக நான் பார்க்கவில்லை.

என் சித்தப்பா ஹவில்தாராக ரிட்டயர் ஆனவர். வேலூர்ப் பக்கம். அமைதிப்படையோடு இலங்கை போய் வந்தவர். திரும்பி வந்ததிலிருந்து தினம் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து நடப்பார், மழை புயல் எதுவானாலும். ஊரில் எல்லாருக்கும் அது பெருமை. மிலிட்டரிக்காரர் என்றால் இப்படி இருக்கணும் என்பார்கள். சித்திதான் ஒரு தடவை, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அவருக்குத் தூக்கம் வராதுடா, அதான் நடக்கிறார்" என்று சாதாரணமாகச் சொன்னார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. காகின்ஸ் புத்தகத்தைப் படிக்கும்போது எனக்கு அந்த ஒரு வரி அடிக்கடி குறுக்கே வந்தது.

சரி, பணத்துக்கு வருவோம். இந்த வகைக் கதைகளில் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத பாத்திரம் அதுதான்.

காகின்ஸ் பணம் திரட்டிக் கொடுத்தது சிறப்புப் படையினரின் குடும்பங்களுக்கான அறக்கட்டளை ஒன்றுக்கு. 1980-இல் ஈரானில் பிணைக்கைதிகளை மீட்கப் போன முயற்சி பாலைவனத்திலேயே விபத்தில் முடிந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள், 17 பிள்ளைகள் தகப்பனை இழந்தார்கள். அந்த 17 பேரைப் படிக்க வைக்கத் தொடங்கியதுதான் அந்த அமைப்பு. இங்கே கணக்கு நேரானது. ஒரு டாலர் உள்ளே போனால் ஒரு டாலருக்குப் பக்கமான கல்லூரிக் கட்டணம் வெளியே வரும். பிள்ளை யார் என்று தெரியும், எத்தனை வருஷம் படிக்கும் என்று தெரியும். இதற்காக ஓடினார் என்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மனநலத்துக்கு அதே மாதிரி ஓடும்போதுதான் கணக்கு குழம்புகிறது. மனநலச் சிகிச்சை என்றால் என்ன செலவு? பெரும்பகுதி சம்பளம். பயிற்சி பெற்ற ஒரு தெரபிஸ்ட் வாரம் இத்தனை பேரைத்தான் பார்க்க முடியும், அவருக்கு மாதாமாதம் சம்பளம் போக வேண்டும், பத்து வருஷம் கழித்தும் அவர் அங்கே இருக்க வேண்டும். எங்கள் பாஷையில் சொன்னால், மெஷின் வாங்க ஸ்பான்சர் கிடைக்கும், ஏஎம்சி-க்குக் கிடைக்காது. பந்தயப் பணம் சீசனில் கொட்டும், பிறகு வற்றும்.

பிரிட்டனில் இதைக் கண்ணெதிரே பார்த்தார்கள். காம்பட் ஸ்ட்ரெஸ் என்ற அமைப்பு 1919-இலிருந்து இருக்கிறது. முதல் உலகப்போரில் மனம் உடைந்து வந்தவர்களுக்காகத் தொடங்கியது. அந்த நாட்டில் முன்னாள் படைவீரர் மனநலம் என்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று. 1986-இல் பாத்ரிக் பவர் தொடங்கிய மாரத்தான் தெ சாப்லே, மொராக்கோ சகாராவில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். இந்த மாதிரி ஓட்டங்களில் பிரிட்டிஷ்காரர்கள் படைவீரர் அமைப்புகளின் பெயரைப் பனியனில் போட்டுக்கொண்டு ஓடுவது சர்வசாதாரணம். அப்படியிருந்தும் 2020 ஜனவரியில் காம்பட் ஸ்ட்ரெஸ் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாக யாரையும் சேர்த்துக்கொள்வதை நிறுத்துவதாக அறிவித்தது. வருமானம் 1.6 கோடி பவுண்டிலிருந்து சுமார் 1 கோடிக்கு இறங்கியிருந்தது. அரசு மருத்துவ சேவையிலிருந்து வந்த நிதி குறைந்தது ஒரு காரணம். அந்த வருஷமும் ஓடினவர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். அரசின் ஒரு பட்ஜெட் வரி மாறியதை எத்தனை பேர் பாலைவனத்தில் ஓடினாலும் ஈடுகட்ட முடியாது. அதற்காக ஓடாதே என்று சொல்லவில்லை. ஓட்டத்தைப் பார்த்து நாம் திருப்திப்பட்டுக்கொள்ளும் அளவுக்கு அது ஈடாகவில்லை என்கிறேன்.

நாம் ஏன் திருப்திப்படுகிறோம் என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. கிறிஸ்டஃபர் ஒலிவோலாவும் எல்டார் ஷாஃபிரும் 2013-இல் வெளியிட்டது. 'தியாகி விளைவு' என்று பெயர் வைத்தார்கள். ஒரே நல்ல காரியத்துக்கு ஜாலியான பிக்னிக் மூலம் பணம் திரட்டினால் மக்கள் கொடுக்கத் தயாராக இருப்பதைவிட, கஷ்டப்பட்டு ஓடித் திரட்டினால் அதிகம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். கஷ்டம் கலந்தால் கொடுப்பதற்கு ஓர் அர்த்தம் கூடிவிடுகிறது. இதில் சுவாரசியமான உட்பிரிவு, பிறருடைய துன்பத்தைத் தீர்க்கும் காரியங்களில்தான் இந்த விளைவு தூக்கலாக இருக்கிறது. பூங்கா கட்டுவது மாதிரி சந்தோஷக் காரியங்களில் மங்கிப்போகிறது. துன்பத்துக்குத் துன்பம்தான் பொருந்துகிறது என்று மனசு கணக்குப் போடுகிறது போல.

நமக்கு இது புதிசில்லை. அலகு குத்துவதும் தீ மிதிப்பதும் இந்தக் கணக்குத்தான். ஆனால் ஒரு வித்தியாசம் எனக்குப் பிடித்திருக்கிறது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவரிடம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று யாரும் கட்டுவதில்லை. வழியில் இருக்கும் ஊர்க்காரர்கள்தான் மோரும் சுக்குக் காப்பியும் சாப்பாடும் கொடுத்து, கால் பிடித்தும் விடுகிறார்கள். கொடுப்பது நடப்பவரை நோக்கி வருகிறது. அல்ட்ரா மாரத்தானில் ஓடுபவர் வழியாகப் போய்விடுகிறது. அந்த ஓடுபவரே மனசு உடைந்த முன்னாள் வீரராக இருந்தால், அவர் தன் காயத்தைக் காட்டி மற்றவருக்காகச் சம்பாதிக்கிறார் என்று ஆகிறது. பார்க்கும் நாம் ஐம்பது டாலரைப் போட்டுவிட்டுக் கைதட்டுகிறோம். அவரிடம் யார் பேசுவது?

இந்த ஓட்டங்களின் விளம்பரத்தில் தவறாமல் வரும் எண் ஒன்று உண்டு: 22. அமெரிக்காவில் தினமும் 22 முன்னாள் படைவீரர்கள் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்பது. 22 தண்டால், 22 நாள், 22 மைல் என்று அதை வைத்து எத்தனையோ சவால்கள். எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். முன்னாள் படைவீரர் நலத்துறையின் 2012-ஆம் ஆண்டு அறிக்கை. 21 மாநிலங்களின் இறப்புச் சான்றிதழ்களை வைத்துப் போட்ட மதிப்பீடு. கலிஃபோர்னியாவும் டெக்சஸும் அதில் இல்லை. அந்த வரம்புகளை அறிக்கையே சொல்கிறது. அதைவிட முக்கியம், அப்படி இறந்தவர்களில் ஏறத்தாழ 69 சதவீதம் பேர் 50 வயதும் அதற்கு மேலும். அதாவது போஸ்டரில் இருக்கும், ஆப்கானிஸ்தானிலிருந்து இறங்கிய தாடிவைத்த இளைஞர் இல்லை. வியட்நாம் காலத்து மனிதர். தனியாக இருப்பவர், மூட்டு வலி உள்ளவர். இவரை யாரும் 135 மைல் ஓடச் சொல்ல முடியாது.

பிறகு கணக்கிடும் முறை திருந்தியது. 2022-ஆம் ஆண்டுக்கான அதிகாரபூர்வ எண்ணிக்கை 6,407. ஒரு நாளைக்கு 17.6. ஆனால் 22 என்பது ஹார்ட்கோட் ஆன மதிப்பு மாதிரி எல்லா இடத்திலும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. 17.6-உம் பயங்கரமான எண்தான், அதைக் குறைத்துக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. இளம் வீரர்களை மறந்துவிடலாம் என்றும் அர்த்தமில்லை. எண்ணிக்கையில் முதியவர்கள் அதிகம், விகிதத்தில் 18 முதல் 34 வயதினர்தான் அதிகம். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை, இரண்டுக்கும் வேறு வேறு வேலை தேவை. இன்னொன்று: இந்த மரணங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று துப்பாக்கியால். வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பழக்கத்தை உண்டாக்குவது நலத்துறை திரும்பத் திரும்பச் சொல்லும் தடுப்பு முறைகளில் ஒன்று. கெட்ட நேரத்துக்கும் கைக்கும் நடுவில் ஒரு பூட்டும் கொஞ்ச நேரமும் இருந்தால் பலர் பிழைக்கிறார்கள். துப்பாக்கிப் பூட்டு வாங்கிக் கொடுக்க யாராவது சகாராவில் ஓடினார்களா என்று தேடினேன், என் கண்ணில் படவில்லை.

காகின்ஸுக்கு மாற்றாக இரண்டு பேரைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. இரண்டு பேரும் ஓடவில்லை, நடந்தார்கள்.

ஏர்ல் ஷாஃபர், பென்சில்வேனியாக்காரர். இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளில் இருந்தவர். போருக்கு முன்னால் நண்பன் வால்டர் வைன்மில்லரோடு சேர்ந்து அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் ஒருநாள் நடப்போம் என்று பேசி வைத்திருந்தார். நண்பன் இவோ ஜிமாவில் இறந்துபோனார். 1948-இல் ஷாஃபர் தனியாகக் கிளம்பினார். ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரைக்கும் 2,000 மைலுக்கு மேல், ஏறத்தாழ நான்கு மாதம். அந்தப் பாதையை ஒரே மூச்சில் முடித்ததாகப் பதிவான முதல் ஆள் அவர்தான். ராணுவத்தை உடம்பிலிருந்து நடந்தே வெளியேற்றுவதுதான் நோக்கம் என்று அவரே எழுதியிருக்கிறார். நிதி திரட்டவில்லை. நண்பனுக்காக நடந்தாரா தனக்காக நடந்தாரா என்று பிரிக்க முடியாது. 1998-இல் 79 வயதில் மறுபடியும் முழுதாக நடந்தார். பிற்காலத்தில் ஷான் கோபின் என்ற மரீன் அதிகாரி, மூன்று தடவை போர்முனைக்குப் போய் வந்தவர், 2012-இல் அதே பாதையை நடந்துவிட்டு, அடுத்த வருஷம் மற்ற முன்னாள் வீரர்களை அனுப்ப ஓர் அமைப்பே தொடங்கினார். அதில் வழியில் இருக்கும் சிற்றூர்க்காரர்கள் வீரர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டுத் தங்க வைக்கிறார்கள். பழனிப் பாதை மாதிரியே, பாருங்கள்.

இன்னொருவர் செபாஸ்டியன் யுங்கர். இவர் படைவீரர் இல்லை, பத்திரிகையாளர். குனார் மாகாணத்திலேயே கோரங்கல் பள்ளத்தாக்கில் படையினரோடு இருந்து 'ரெஸ்ட்ரெப்போ' படத்தை டிம் ஹெதரிங்டனோடு சேர்ந்து எடுத்தவர். ஹெதரிங்டன் 2011-இல் லிபியாவில் கொல்லப்பட்டார். இரண்டு பேரும் சேர்ந்து போடுவதாக இருந்த ஒரு நடையை யுங்கர் பிறகு, இரண்டு முன்னாள் வீரர்களோடும் ஒரு போர்ப் புகைப்படக்காரரோடும் நடந்தார். வாஷிங்டனிலிருந்து ஃபிலடெல்ஃபியா வழியாக பிட்ஸ்பர்க் பக்கம், ரயில் பாதை ஓரமாகவே. ரயில்வே நிலத்தில் நடப்பது சட்டவிரோதம், அதனால் ஒளிந்து ஒளிந்து. பாலத்தடியில் தூங்கி, ஆற்றில் குளித்து. 2014-இல் எச்பிஓ-வில் வந்த 'தி லாஸ்ட் பேட்ரோல்' அந்தப் படம். படமாக அவ்வளவு இறுக்கமானது இல்லை, நடுவில் இழுக்கும். ஆனால் காகின்ஸிடம் இல்லாதது அதில் இருக்கிறது: ஒருத்தர் போரைப் பற்றிப் பேச, பக்கத்தில் நடப்பவர் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டே வருவது. போரை ஏன் மிஸ் பண்ணுகிறோம் என்று அவர்கள் பேசிக்கொள்வதை மேடையில் பேச முடியாது. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் பேச முடிகிறது.

புத்தகத்துக்கே திரும்பினால், ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் வாசகருக்கு ஒரு சவால் கொடுத்து, செய்துவிட்டு ஹேஷ்டேக் போடு என்கிறார். கண்ணாடி முன் நின்று உன்னையே திட்டு, நேற்றைய ஜெயத்தை நினைத்துக்கொள், களைத்துவிட்டேன் என்று தோன்றும்போது நீ 40 சதவீதம்தான் செலவழித்திருக்கிறாய். சோம்பேறித்தனம் பிடித்த என்னைப் போன்ற டெஸ்க் ஆசாமிக்கு இது உறைக்கும், நல்லதுதான். ஏற்கெனவே தன்னைத் திட்டிக்கொண்டே இருக்கும், தான் பிழைத்ததையே குற்றமாக நினைக்கும் ஒரு முன்னாள் வீரருக்கு இந்தக் கண்ணாடி என்ன செய்யும்? ஒரே மாத்திரை எல்லா உடம்புக்கும் ஒத்துக்கொள்ளாது என்ற எச்சரிக்கை புத்தகத்தில் எங்கேயும் இல்லை. இதுதான் என் பெரிய புகார்.

படிக்க நினைப்பவர்கள் அச்சுப் புத்தகத்தை விட்டுவிட்டு ஒலிப்புத்தகத்துக்குப் போங்கள். காகின்ஸோடு சேர்ந்து எழுதிய ஆடம் ஸ்கோல்னிக்தான் வாசிக்கிறார். அத்தியாயங்களுக்கு இடையில் வாசிப்பை நிறுத்திவிட்டு இருவரும் பேசுகிறார்கள். ஸ்கோல்னிக் கேட்கிறார், அவர் சொல்கிறார். அப்பா பற்றி, அந்த ரிங்க் பற்றி, பயந்தது பற்றி. அச்சில் உத்தரவு போடுகிற ஆள் இங்கே கேள்விக்குப் பதிலாக யோசித்துப் பேசுகிறார். இந்த உரையாடல்கள் அச்சில் கிடையாது, என் கணக்கில் முழு நூலிலும் நல்ல பகுதி அவைதான். மொத்தம் பதிமூன்று மணி நேரத்துக்கு மேல் போகும். வாய்க்கு வாய் கெட்ட வார்த்தை, அதனால் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு கேளுங்கள்.